முக்கால் நொடி

ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள சித்தப்பா,

இந்த நீச்சல் ஹாஸ்டலில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் தருகிறார்கள், அதை அம்மாவே முழுசாகத் தின்றுவிடுகிறாள். உங்களுக்குப் போன் போட்டும் பிரயோஜனமில்லை. பாதியில் "ம்... ம்..." என்பீர்கள், ஆள் லைனில் இருக்கிறாரா நிலாவில் இருக்கிறாரா என்று தெரியாது. அதனால்தான் கடிதம்.

அறையில் நாங்கள் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் போன வருஷமே ஒன்றாக இருந்தவர்கள். சாப்பாட்டு மேஜையில் நான் ஓர் ஓரம். யாரும் விரட்டவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. காலை ஐந்தரைக்குக் குளத்தில் இறங்கினால், தலை தண்ணீருக்குள் இருக்கும்வரை பரவாயில்லை. வெளியே எடுத்தால்தான் அழுகை வருகிறது. நீச்சல் கண்ணாடி போட்டிருப்பதால் தப்பித்தேன்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குளத்துச் சுவரில் ஒரு பலகை. எத்தனை நொடியில் ஐம்பது மீட்டர் நீந்தி இங்கே தேர்வானோம் என்று ஒவ்வொருவர் பேருக்கும் நேரே எழுதியிருக்கிறது. எனக்கு 29.8. வந்ததிலிருந்து பதினோரு தடவை நீந்திவிட்டேன், ஒரு தடவைகூட 30.4-க்குக் கீழே வரவில்லை. இங்கே யாரும் வாட்ச் பிடிப்பதில்லை. விசில் சத்தத்தில் மெஷின் ஓடத் தொடங்கும், சுவரில் கை பட்டதும் அதுவே நிற்கும். நேற்று கோச் எல்லார் முன்னாலும், "அந்த இருபத்தொம்பது எட்டை எங்கம்மா வச்சுட்டு வந்தே? வீட்லயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சித்தப்பா, நம் குளத்தில் தேர்வு நடந்த அன்று என் லேனில் வாட்ச் பிடித்தது நீங்கள். என் தலைக்கு நேர் மேலே நின்றீர்கள். அன்று நான் எப்படி நீந்தினேன்? கையை எப்படிப் போட்டேன், எத்தனை தடவை மூச்சு எடுத்தேன்? எழுதுங்கள். அதை அப்படியே மறுபடி செய்துவிடுகிறேன்.

டிசம்பர் 12-ஆம் தேதி எல்லோருக்கும் மறுதேர்வு. முப்பதுக்குக் கீழே வராதவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வாத்து


ஜூலை 9-இல் தொடங்கியது, 19-இல் முடிகிறது

என் வாத்துக்கு,

தேதியைப் பார்த்துத் திட்டாதே. தொடங்கினேன், பேனா எழுதவில்லை. பேனா வாங்கப் போனேன், வழியில் குளத்தின் மோட்டார் மெக்கானிக்கைப் பார்த்தேன், அவரோடு போய் மோட்டாரைக் கழற்றினோம். பேனா ஞாபகம் வந்தபோது கடையைச் சாத்திவிட்டார்கள். அப்படியே பத்து நாள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. ஃபில்டரைக் கழுவ வால்வைத் திறந்தேன். மூடவில்லை. ஆபீஸ் அறையில் கணுக்கால் உயரம் தண்ணீர். மேனேஜர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, "குளம் வெளியிலதானேய்யா இருக்கு, அதை எதுக்கு உள்ள கொண்டு வர்றே?" என்று கேட்டார். இது மூன்றாவது தடவை. "டாக்டரைப் பாரு. சீட்டு வாங்கிட்டு வா. இல்லேன்னா வராதே" என்று சொல்லிவிட்டார்.

உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மனநல டாக்டரிடம் போனேன். என்னைவிடச் சின்னப் பெண். பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தேன் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "இவனை உப்பு வாங்க அனுப்பினா நாய்க்குட்டியோட திரும்பி வருவான் டாக்டர்" என்றான். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து ஒரு சோதனை. திரையில் வெள்ளைப் புள்ளி வரும், வந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். இருபது நிமிஷம். நான் யார்? விரல் பிசகாத ஆசாமி என்று குளத்தில் பேர் வாங்கியவன். புள்ளி வந்ததும் டக், டக் என்று தட்டினேன். வெளியே வந்து, "பாஸா டாக்டர்?" என்றேன். இதில் பாஸ் ஃபெயில் கிடையாதாம். முடிவு அப்புறம் சொல்கிறாராம்.

நீ கேட்டதற்குப் பதில்: நன்றாகத்தான் நீந்தினாய். விவரமாக எழுதத் தாளில் இடமில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

சித்தப்பா


ஜூலை 27

சித்தப்பா,

தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது.

நீங்கள் எழுதாததால் நானே யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறேன். அன்று போட்டிருந்த பழைய நீலத் தொப்பியைப் போட்டு நீந்தினேன். அன்று மாதிரியே காலையில் ஒரு வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டு நீந்தினேன், நடுவில் தலை சுற்றியது. மூச்சைக் குறைத்தேன், கூட்டினேன். 30.5, 30.6, 30.4. பக்கத்துக் கட்டில்காரி, "நீ நல்லாத்தானே நீந்துற, எதுக்கு இப்படி வெறி பிடிச்சாப்ல பண்றே?" என்று கேட்டாள். இங்கே வந்தபிறகு என்னிடம் யாராவது ஒரு முழு வாக்கியம் பேசினார்கள் என்றால் அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. விசில் அடித்து எவ்வளவு நேரத்தில் கால் மேடையை விட்டுக் கிளம்புகிறது என்பதையும் மெஷின் காட்டும். எனக்குப் பெரும்பாலும் 0.7. அறையிலேயே நான்தான் முதலில் குதிப்பேன். ஆனால் திடீரென்று ஒரு தடவை 1.1 வரும். எல்லோரும் தண்ணீரில் இருப்பார்கள், நான் மட்டும் மேலே. "கனவுராணி" என்று பேர் வைத்துவிட்டார்கள். அன்று அப்படி எதுவும் ஆகவில்லை, இல்லையா? அன்று எல்லாமே சரியாக இருந்தது. அந்த ஒரு நாளை எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள் சித்தப்பா. உங்களைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது.

வாத்து


ஆகஸ்ட் 10

வாத்து,

இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதுகிறேன். கதவைச் சாத்திவிட்டேன்.

டாக்டரிடம் மறுபடி போனேன். நான் பட்டனைத் தட்டியதை எல்லாம் படமாகப் போட்டு வைத்திருந்தார். "உங்க சராசரி வேகம் நல்லாவே இருக்கு. ஆனா சீரா இல்லை. இதோ பாருங்க" என்றார். கோடுகள் முக்கால்வாசியும் இடது பக்கம் நெருக்கியடித்து நின்றன. மீதி கொஞ்சம், இங்கே ஒன்று அங்கே ஒன்றாக, வலது பக்கம் எங்கோ தள்ளி நின்றன. டக் டக் என்று தட்டிக்கொண்டே இருந்தவன் அந்த இடங்களில் மட்டும் அரை நொடி, ஒரு நொடி கழித்துத் தட்டியிருக்கிறேன். எனக்கு அது தெரியவே இல்லை. எல்லாவற்றையும் உடனே தட்டியதாகத்தான் நினைத்தேன்.

"எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு வரும். உங்களுக்கு அடிக்கடி வருது, நீளமாவும் வருது. இதை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம். உங்க ஸ்கூல் கதை, வீட்டுக் கதை எல்லாம் சேர்த்துப் பார்த்தா இது கவனக் குறைபாடுதான். நீங்க வேணும்னு செய்யறது இல்லை" என்றார். நாற்பத்தொரு வயதில் இதைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தார். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்.

இனி உன் விஷயம். எப்போதும் தாமதமாகத் தட்டுகிறவன் என்றால் கவலை இல்லை, தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஒரே தாமதம், ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். என்னுடையது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்று ஆள் பற்றாக்குறை. லேனுக்கு மூன்று வாட்ச் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். உன் லேனுக்கு என் வாட்ச். விசில் அடித்தபோது நான் தாமதமாக அழுத்தியிருக்கிறேன். தாமதமாக ஓடத் தொடங்கிய வாட்ச் குறைவாகத்தான் காட்டும். நீ அன்றைக்கும் 30.5-தான் நீந்தினாய். மீதி முக்கால் நொடி என்னால் வந்தது.

நீ எதையும் தொலைக்கவில்லை, குட்டி. தொப்பியையும் வாழைப்பழத்தையும் விட்டுவிடு. டாக்டர் விளக்கிய பிறகுதான் எனக்கே இது புரிந்தது. மன்னித்துவிடு.

சித்தப்பா


ஆகஸ்ட் 17

சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். இந்த ஹாஸ்டலில் தாழ்ப்பாள் உள்ள ஒரே இடம் அதுதான்.

ஒரே ஒரு கேள்வி. அன்று நாலாவது லேன் பெண்ணும் நானும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டோம். நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவள் கையும் சுவரில்தான் இருந்தது. அவளுக்கு 30.5 என்று எழுதினார்கள். அவள் அப்பா சண்டைக்கு வந்தார். அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? அந்த லேனில் வாட்ச் பிடித்த வாத்தியாரைக் காட்டி, "அவரு கண்ணாடியை வீட்ல வச்சுட்டு வந்துட்டாரு" என்று சிரித்தீர்கள். எல்லோரும் உங்கள் பக்கம் பேசினார்கள். உங்கள் விரல் பிசகாது என்று எல்லோருக்கும் தெரியுமே!

டாக்டர் விளக்கிய பிறகுதான் புரிந்ததா? உண்மையாகவா?

எனக்கு இங்கே யாரும் இல்லை. பலகையில் அந்த எண் மட்டும்தான் இருந்தது. காலையில் இறங்கும்போது அதைப் பார்ப்பேன், ஒரு நாள் இப்படி நீந்தினேன் என்று நினைத்துக்கொள்வேன். அதையும் வாங்கிக்கொண்டீர்கள். என்னால் எல்லாம் ஆனது என்று நீங்கள் எழுதி மனசை ஆற்றிக்கொண்டீர்கள். நான் எங்கே போய் ஆற்றிக்கொள்வது?

இனிமேல் எழுத வேண்டாம்.

உங்கள் அண்ணன் மகள்


ஆகஸ்ட் 31

குட்டி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி.

அன்றே தெரியும். விசில் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. யோசனைகூட இல்லை, வெறும் காலி. திரும்ப வந்து பார்த்தால் நீ தண்ணீருக்குள் போய்விட்டாய். அப்போதுதான் அழுத்தினேன். உடனே கையைத் தூக்கி, "என் வாட்ச் தப்பு" என்று கத்தியிருக்க வேண்டும். கத்தியிருந்தால் மறுபடி நீந்தவைத்திருப்பார்கள், ஐந்து நிமிஷ வேலை. நான் கத்தவில்லை. ஏன் என்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் பார்த்த எல்லா வேலையிலும், "இவன்கிட்ட ஒண்ணைக் கொடுத்தா அவ்வளவுதான்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். வாட்ச் பிடிக்கும்போது மட்டும்தான் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பேர் போகக் கூடாது என்று நினைத்தேன். நீ வெளியே வந்து "எவ்ளோ சித்தப்பா?" என்று கேட்டாய். வாட்சைப் பார்த்தேன். அதில் இருந்ததைப் படித்தேன். நீ குதித்த குதியில் என் சட்டை முழுக்க ஈரம். அதற்குமேல் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

அந்த வாத்தியார் கண்ணாடி போட்டுத்தான் இருந்தார்.

இன்னொரு பாவமும் இருக்கிறது. இரண்டாவது சுற்றில் நீந்திய நெட்டைப் பெண்ணை ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு 30.1. நம் குளத்திலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள். எடுத்திருக்க வேண்டியது அவளை. அவள் இன்னும் தினமும் சாயங்காலம் வருகிறாள், தனியாக நீந்துகிறாள். போகும்போது எனக்கு வணக்கம் வைக்கிறாள். நான் குளோரின் டப்பாவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்கிறேன்.

நீச்சல் சங்கத்துக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் பாரத்தை உன் தலையில் ஏற்றிய மாதிரி ஆகும். உன் இடம் போகலாம். அதற்காக நீ என்னை எவ்வளவு நாள் வெறுத்தாலும் எனக்கு மறுபேச்சு இல்லை.

சித்தப்பா


அக்டோபர் 12

குட்டி,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சரி. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சங்கத்திலிருந்து பதில் வந்தது. மூன்று மாதம் தாண்டிய முடிவைத் திருத்த விதி இல்லையாம். உன் இடம் உன்னிடமே இருக்கும். என்னை வாட்ச் பிடிக்கிறவர்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆக, நாலு பக்கம் எழுதி ஒன்றும் அசையவில்லை.

அதனால் நெட்டையிடம் நானே போய்ச் சொன்னேன். நேரில். படிக்கட்டில் உட்கார்ந்து துவட்டிக்கொண்டிருந்தாள். முழுசாகக் கேட்டாள். திட்டுவாள் என்று தயாராக நின்றேன். திட்டவில்லை. "அப்ப அன்னைக்கு நான் மெதுவா நீந்தலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுபடி தொப்பியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். இப்போது வணக்கம் வைப்பதில்லை. அது எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வால்வு பக்கத்தில் பெரிய எழுத்தில் 'மூடு' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மேனேஜர் தினமும் அதைப் படித்துக் காட்டுகிறார். வேலை போகவில்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு குளத்தைச் சுற்றி நடக்கிறேன். முன்பெல்லாம் இந்த நேரத்தில் நீ மூன்றாவது லேனில் கால் உதைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்பாய். பாதிக் கேள்வி என் காதில் விழுந்ததில்லை. அந்தப் பாதி என்னவாக இருக்கும் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சித்தப்பா


டிசம்பர் 14

சித்தப்பா,

உங்கள் கடிதங்கள் இரண்டையும் கிழிக்கவில்லை. முதல் கடிதத்தை ஒரு மாதம் பிரிக்காமல் வைத்திருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஊர் சுற்றப் போனார்கள், அறையில் நான் மட்டும். பிரித்துப் படித்தேன். வாத்தியார் கண்ணாடி போட்டிருந்தார் என்ற வரியில் உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. ஆனால் அதற்கப்புறம் நீந்துவது சுலபமாகிவிட்டது. ஏதோ ஒரு நாளைத் தேடிக்கொண்டே நீந்தினேன், தேட ஒன்றுமில்லை என்று ஆனபிறகு வெறுமனே நீந்தினேன். 30.3 வந்தது. அப்புறம் 30.1. கோச் திட்டுவதை நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை மறுதேர்வு. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. முதல் தடவை 30.02. எல்லோரும் "ச்சே!" என்றார்கள். என் அறைப் பெண்கள் எனக்காக 'ச்சே' என்றது அதுதான் முதல் தடவை, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டாவது தடவை மேடையில் ஏறினேன். கை கால் எல்லாம் லேசாக இருந்தது. விசிலைக் கேட்டேன், சித்தப்பா. கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அப்புறம் கண்ணில் பட்டது மற்றவர்கள் குதித்த நுரை. குதித்தேன். என்னால் முடிந்த மட்டும் அடித்தேன். தொட்டுவிட்டுத் திரும்பினால் 30.2. குதித்த நேரம் 1.3.

எப்போதும் போல 0.7-இல் குதித்திருந்தால் 29.6. நானே கழித்துப் பார்த்தேன். அது உண்மையாக நான் நீந்தியது. பலகையில் யாரும் எழுத மாட்டார்கள்.

கோச் நல்லவர்தான். தோளைப் பிடித்து, "எங்கம்மா போனே? அந்த நேரத்துல எங்க போனே?" என்று கேட்டார். அறையில் கேட்டார்கள். சமையல்கார அக்கா கேட்டார். அம்மா போனில் அழுதுகொண்டே அதைத்தான் கேட்டாள். எனக்குச் சொல்ல ஆசைதான். ஒரு இடம் இருந்தால் சொல்லமாட்டேனா? இந்த ஐந்து மாதமும் யாரும் இல்லாமல் இருந்தேன், அதுகூட இவ்வளவு தனியாக இல்லை. அந்த அரை நொடியில் நானே என்னோடு இல்லை.

ஐந்து மாதத்தில் நான் குதித்த நேரங்களை எல்லாம் கோச்சிடம் வாங்கி வரிசையாக எழுதிப் பார்த்தேன். முக்கால்வாசி ஒரு பக்கம் நெருக்கியடித்து நிற்கிறது. மீதி எங்கோ தள்ளி. டாக்டர் காட்டிய படம் என்று நீங்கள் எழுதியிருந்தது இதைத்தானே? என்னையும் அவரிடம் கூட்டிப் போங்கள். அதுவேதானா என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எனக்குத் தெரியும். நீங்கள் எங்கே போகிறீர்களோ அங்கேதான் நானும் போகிறேன். அங்கே நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

என் கட்டில் காலியாகிறது. நெட்டையின் பேரைக் கோச்சிடம் சொல்லிவிட்டேன். கூப்பிட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அவளுக்கு நான் ஒரு கடிதம் எழுத வேண்டும், இன்னும் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு பஸ் வந்து சேரும். அப்பா வந்து கூட்டிப் போவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். வந்ததும் அவர் கேட்கப்போகிற முதல் கேள்வி எனக்குத் தெரியும். அதைக் கேட்காத ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் வாருங்கள். ஐந்து என்றால் நீங்கள் ஆறுக்குத்தான் வருவீர்கள், ஏழும் ஆகலாம். பரவாயில்லை. எவ்வளவு நேரமானாலும் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

வாத்து